கிணற்றடிக்குத் திரும்பவேண்டிய ஆய்வேடு

கொழும்புத்துறைக் கரையில் நின்று கடனீரேரியை நோக்குவோர்க்கு அப்பாலே பூநகரிக் கரை மங்கலாய்த் தோன்றும். முன்னாளில் நம்மவர் இத்துறையிலே தோணியேறிப் பூநகரி சேர்ந்து வன்னிக்குச் சென்றனர். இன்று வழி வேறு. நாவற்குழி, சாவகச்சேரி, ஆனையிறவு, பரந்தன் என்று கண்டி வீதியாற் சுற்றிச் செல்லலாம். அவ்வீதியிலே கிளிநொச்சி நகரையுந் தாண்டினால் அறிவியல்நகர் வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் அங்கேதான் அமைந்திருக்கின்றது. நம் ஊர்களில் உயிரியற் பிரிவிற் கற்று உயர்தரப் பரீட்சையிலே தேறும் பிள்ளைகளிற் சிலர் ஆண்டுதோறும் அவ்விடஞ் செல்கின்றனர். அவர்கள் அங்கே என்ன ஆராய்கின்றனர், அவ்வாராய்ச்சியால் நம் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆகக்கூடியது யாது, வருங்காலத்தில் அங்கும் அயலிலும் காணத்தக்க நிகழ்ச்சிகள் எவை என்பவற்றை இவ்வாரம் எழுத எண்ணினோம்.

இப்பீடத்தின் கதை இடம்பெயர்வின் கதை. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத் தோன்றி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகிய நிறுவனத்திலே விவசாய பீடம் 1990ஆம் ஆண்டிற் கிளிநொச்சியில் ஆரம்பமாயிற்று. எந்த ஆண்டிலே போர் மீண்டும் மூண்டதோ அதே ஆண்டு! பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்து நெடுங்காலம் அங்கேயே இயங்கி, 2009இல் போர் ஓய்ந்து சில ஆண்டுகள் சென்றபின்னரே வன்னி மண்ணுக்கு மீண்டது. பட்டப்படிப்பு ஒன்றுதான் விவசாயக் கல்வி என்று பெற்றார் எண்ணவேண்டியதில்லை. விவசாயத் திணைக்களத்தின் பாடசாலைகள் வவுனியாவிலும் பரந்தனிலும் டிப்ளோமாப் பயிற்சி அளிக்கின்றன. எனினும் நாம் இங்கு சொல்லவந்தது ஆராய்ச்சியைப் பற்றியாதலின் பீடத்தோடு நிற்போம்.

நான்கு ஆண்டுப் படிப்பின் இறுதியில் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வை நடத்தி ஏடாக எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது விதி. ஒருவர் வெங்காயத்தின் நோயை எடுப்பார். இன்னொருவர் கூட்டெருவை எடுப்பார். மற்றொருவர் ஆட்டுத் தீவனத்தையோ பனம்பழக் களியையோ எடுப்பார். ஏதோ ஒரு பசளையை இட்டுப் பார்த்தோம், பயிர் செழித்தது என்று எழுதினால் ஆசிரியர் ஏற்கமாட்டார். பசளையிட்ட பாத்திக்கு அருகே இடாத பாத்தியும் இருக்கவேண்டும். ஒவ்வொன்றும் மூன்று நான்கு முறை மீண்டும் அமைக்கப்படவேண்டும். எந்தப் பாத்தி எங்கே என்பதை மாணவரின் விருப்பம் தீர்மானிக்கலாகாது, திருவுளச்சீட்டுப் போன்ற எழுமாற்று முறையே தீர்மானிக்கவேண்டும். நிழல் விழும் மூலையையும் எருக்கும்பியின் அருகையும் ஒரே பசளைக்குக் கொடுத்துவிட்டால் உண்மை புலப்படாது போய்விடுமல்லவா? இம்முறையை ஒழுங்குபடுத்தியவர் இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்திலே 1919இற் சேர்ந்த பிஷர் என்னும் கணித அறிஞர். அவர் அங்கே வகுத்தது இன்று மருந்துகளைச் சோதிப்பதற்கும் பயன்படுகின்றது. மருத்துவம் வயலிடம் கற்றுக்கொண்ட பாடம் இது என்று விவசாயம் படிக்கும் பிள்ளைகள் சற்றே பெருமை கொள்ளலாம்.

இவ்வாய்வுகளுள் நம் ஊராரை நேரே தொடுவது நீர் பற்றிய ஆய்வு.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரிக்கு மட்டுமே ஓடும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து தீர்ந்துவிடுகின்றது. அம்மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களூடே இறங்கி, அடியிலே பரந்து கிடக்கும் உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதந்து நிற்கின்றது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என நான்கு பெருந் தேக்கங்களாக இவ்வில்லைகளைக் கூறுவர். நாம் கிணற்றிலே காணும் நன்னீர் இவ்வளவே. இதற்கு அடியிற் கடல்.

நன்னீரிலும் கடல்நீர் சிறிதே பாரமானது. அச்சிறு வேறுபாட்டிலிருந்து கைபென் என்னும் ஒல்லாந்தரும் ஹேர்ஸ்பேக் என்னும் ஜேர்மனியரும் சென்ற நூற்றாண்டின் வாயிலிலே தனித்தனியே கண்டறிந்த கணக்கு ஒன்று உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பதடி நன்னீர் நிற்கும். கேட்பதற்கு மகிழ்ச்சி! ஆனால் மறுபக்கத்தையும் எண்ணவேண்டும். மேலேயுள்ள மட்டத்தை நாம் ஓரடி இறைத்துக் குறைத்துவிட்டால், அந்நிலை நீடிக்குமாயின், கீழிருந்து உவர்நீர் நாற்பதடி மேலெழும்புவதற்கு வழி செய்கின்றோம். சுண்ணக்கல்லிலே குகையும் வெடிப்பும் இருப்பதால் எல்லா இடத்திலும் இக்கணக்கு ஒழுங்காக நிகழ்வதில்லை. போக்கு மட்டும் இதுதான். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்திலே மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இறைப்பு இயந்திரத்துக்குக் களைப்பு ஏது?

கரையோர ஊர்களிலே குடிப்பதற்கு ஒரு கிணறு, குளிப்பதற்கு ஒரு கிணறு என்ற வழக்கம் புதிதன்று. சவர்த் தண்ணீரை நாக்கே சொல்லிவிடும். நாக்குச் சொல்லாத பொருள் ஒன்றும் கிணற்றிலே சேருகின்றது. அது நைத்திரேற்று. தோட்டத்துக்கு நாம் இடும் யூரியா மண்ணிலே முதலில் அமோனியமாகவும் பின்னர் நுண்ணுயிர்களின் செயலால் நைத்திரேற்றாகவும் மாறுகின்றது. அமோனியத்தைக் களிமண் பற்றிக்கொள்ளும், நைத்திரேற்றைப் பற்றிக்கொள்ளாது. பயிர் உண்டது போக எஞ்சியது இறைத்த நீரோடும் மழையோடும் இறங்கி அதே கிணற்றை அடைகின்றது. அக்கிணற்றிலிருந்து நாம் மீண்டும் இறைக்கின்றோம். பழி யூரியாவுக்கு மட்டும் உரியதன்று. அளவு மீறிய மாட்டெருவும் கோழியெருவும் இதையே செய்யும். கொழும்புத்துறை போன்ற நெருங்கிய குடியிருப்புக்களிலே தோட்டத்தைவிட மலசலகூடக் குழிகளே கிணற்றுக்கு அண்மையில் இருப்பதையும் மறக்கலாகாது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுதி என்ற எச்சரிக்கை 1980களிலேயே எழுந்துவிட்டது. அதன்பின் பல ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தியுள்ளன.

தாய்மார் அறியவேண்டியது ஒன்று. நைத்திரேற்று மிகுந்த நீரிற் பாலமாவு கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலிமை குன்றி உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். கிருமிக்காகக் கொதிக்கவைப்பது நன்று. இதற்கு அது மருந்தன்று.

மாணவர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆனால் சில அறிக்கைகள் அதனை நைத்திரேற்றாக எழுதாமல் அதிலுள்ள நைதரசனாக எழுதும். அப்போது அதே எல்லை ஏறக்குறைய 11 ஆகிவிடும். ஓர் அறிக்கையில் 20 என்று கண்டால், எந்த முறையில் எழுதியது என்று அறியாமல் நன்று என்றோ தீது என்றோ கூறமுடியாது. எண்ணைப் படிப்பதற்கு முன் அதன் அலகைப் படியுங்கள். பரீட்சைக்கும் இது உதவும்.

இனி நம் உள்ளத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகின்றோம். ஒரு மாணவி போத்தல்களோடு வருகின்றாள். வளவுக்காரர் அன்போடு இடங்கொடுத்து வாளியாலே நீர் அள்ளியுங் கொடுக்கின்றார். சில கிணறுகளிலே மாதிரி எடுத்து, ஆய்வுகூடத்திலே அளந்து, படம் வரைந்து, ஏடு எழுதிப் பட்டமும் பெறுகின்றாள். ஏடு ஆங்கிலத்திலே நூலகத் தட்டிலே அமர்கின்றது. வளவுக்காரரோ அன்று நீர் கொடுத்ததோடு சரி. தம் கிணற்றின் எண் என்ன, அது நல்லதா கெட்டதா, யாருக்குக் கெட்டது என்று அவருக்குச் சொல்வார் எத்தனை பேர்? அடுத்த ஆண்டு வேறு மாணவர், வேறு கிணறு, வேறு தலைப்பு. சென்ற ஆண்டை இந்த ஆண்டோடு ஒப்பிட வழியில்லாமற் போகின்றது. இதை மாணவரின் குற்றம் என்று சொல்ல மாட்டோம். ஏடு எழுதக் கிடைக்கும் காலம் ஒரு போகம். கிணறு மாறும் காலமோ ஒரு தலைமுறை. குறுகிய கோலால் நீண்ட வீதியை அளக்கவேண்டுமானால் கோலை ஒருவர்பின் ஒருவராகக் கைமாற்றிக்கொண்டே செல்லவேண்டும்.

அவ்வாறு செய்தவர் உளர். முன்னே குறித்த றொதம்ஸ்ரெட்டில், லோஸ், கில்பேட் என்னும் இருவர் 1843ஆம் ஆண்டு ஒரு வயலிலே கோதுமை விதைத்தனர். ஒரு துண்டுக்கு எரு, ஒரு துண்டுக்கு இரசாயனப் பசளை, ஒரு துண்டுக்கு ஒன்றுமில்லை. அவ்வயலிலே இன்றும் அப்பரிசோதனை நடைபெறுகின்றது. தொடங்கியவர்கள் மாண்டு நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. தானியத்தையும் வைக்கோலையும் மண்ணையும் போத்தல்களிலே அடைத்துக் காத்து வருகின்றனர். பின்வந்தோர் முன்னோர் எண்ணாத கேள்விகளை அப்போத்தல்களிடம் கேட்டு விடை பெற்றனர். 1860களிலே அவ்வயலின் அடியிற் பதித்த ஓட்டுக் குழாய்களினூடே வடிந்த நீரை எடுத்து அளந்தபோது, நைதரசன் பசளை கூடக்கூட வடிநீரிலே நைத்திரேற்றும் கூடுவதைக் கண்டனர். நம் செம்மண் தோட்டத்தின் கதை அங்கே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. அவர்களிடம் பெருஞ் செல்வம் இருந்தது என்று சிலர் கூறுவர். உண்மையே. ஆயினும் ஆண்டுதோறும் அதே இடத்திலே அதே அளவை எடுப்பதற்குச் செல்வத்தைவிடப் பிடிவாதமே பெரிதும் வேண்டும்.

கொழும்புத்துறையிலிருந்து அரியாலை வழியாக நாவற்குழி வரை இருபது கிணறுகளைத் தெரிந்துகொள்வோம். சில கரைக்கு அண்மையில், சில உள்ளே. சில வீட்டுக் கிணறு, சில தோட்டக் கிணறு. ஆண்டுக்கு இரண்டே முறை அளந்தாற் போதும். மழை முடிந்து கிணறு நிறைந்திருக்கும் தை மாதத்தில் ஒரு முறை. நல்லூர்த் தேர் முடிந்து, மாரி தொடங்குமுன் கிணறு ஆழத்திற் கிடக்கும் காலத்தில் ஒரு முறை. நீர் மட்டம், மின்கடத்துதிறன், குளோரைட்டு, நைத்திரேற்று ஆகிய நான்கும் போதும். முதலிரண்டையும் ஒரு நாடாவும் கையடக்கக் கருவியும் கொண்டு பாடசாலை மாணவரே அளந்துவிடலாம். பின்னிரண்டுக்குப் பல்கலைக்கழகம் வேண்டும். ஒவ்வோராண்டும் இறுதியாண்டு மாணவர் ஒருவர் இப்பொறுப்பை ஏற்று, முன்னவரின் கொப்பியைத் தொடர்ந்து எழுதிப் பின்னவர் கையிற் கொடுத்துச் செல்லட்டும். கிணற்றுக்காரருக்குத் தமிழிலே ஒரு பக்கம், அவர் கிணற்றின் எண்ணும் அதன் பொருளும், கையெழுத்தோடு போய்ச் சேரட்டும். பட்டம் வழங்கும் விதியிலே அப்பக்கத்துக்கும் சில புள்ளிகள் வைத்தால் இன்னும் நன்று.

தடை கூறுவோர் இல்லாமலிரார். என் கிணறு கெட்டது என்று வெளிப்பட்டால் காணியின் விலை குறையுமே என்று வளவுக்காரர் அஞ்சலாம். அவ்வச்சம் நியாயமானதே. ஆகையாற் பொதுவிலே வெளியிடும் ஏட்டில் எண்களுக்குப் பெயரிடாது, வீட்டுக்காரருக்கு மட்டும் அவர் கிணற்றை அடையாளங் காட்டவேண்டும். புதுமை இல்லாத தலைப்பு என்று மேற்பார்வையாளர் தயங்கலாம். முதலாண்டில் இல்லாத புதுமை பத்தாமாண்டிலே தானாக வந்துசேரும். ஆண்டுக்கு ஆண்டு உவர் எப்பக்கமிருந்து ஏறுகின்றது என்ற படம் அப்போதுதானே கிடைக்கும்?

அரியாலைப் பக்கத்துக்கு இப்படம் இன்னும் ஒரு வகையிலே தேவை. உப்பாற்றுக் கடனீரேரியிலே கடல்நீர் ஏறாது தடுத்து, மாரி வெள்ளத்தாலே உவரைக் கழுவி, நன்னீரைத் தேக்கவேண்டும் என்ற நோக்கத்தோடு 1950களிலே அரியாலையில் ஓர் அணை எழுந்தது. வடக்கே தொண்டைமானாற்றிலும் அவ்வாறே. பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் வகுத்த பெருந்திட்டம் ஆனையிறவுக் கடனீரேரியையும் இவற்றோடு இணைக்கக் கருதிற்று, அது முற்றுப்பெறவில்லை. அணையின் கதவுகள் நன்றாயிருந்த ஆண்டுகளில் அயற் கிணறுகள் எவ்வாறிருந்தன, உக்கிக் கிடந்த ஆண்டுகளில் எவ்வாறிருந்தன என்பதைத் தொடர்ந்து எழுதிய ஒரு கொப்பி ஊரில் இருந்திருக்குமாயின், அணையால் நன்மையா என்ற விவாதம் பாதியிலே முடிந்திருக்கும். செம்மணி வெளியின் உவர் வயலுக்கு, உவரைத் தாங்கும் அற். 354 போன்ற நெல்லினங்கள் பொருந்துமா என்று பார்ப்பதும் மாணவர்க்கேற்ற ஆய்வே.

கொப்பி இல்லாத நாடு படும் பாட்டை 2021ஆம் ஆண்டிலே கண்டோம். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டது. நவம்பரிலே தடை தளர்ந்தது. இடையிலே கமக்காரர் பட்ட துன்பத்தை யாம் விரிக்கவேண்டியதில்லை. பசளை கூடாது என்றவரும் வேண்டும் என்றவரும் உரத்துப் பேசினர். இந்தக் காணிக்கு இவ்வளவு போதும், இதற்கு மேலே இட்டது கிணற்றுக்கே போகின்றது என்று தன் காணியின் அளவுகளைக் காட்டிப் பேசக்கூடிய கமக்காரர் மிகச் சிலரே. அவ்வளவுகளை அவர்க்குக் கொடுக்கவேண்டியவர் யார்?

வடமராட்சி கிழக்கிலே தாழையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டிலே திறந்துவைக்கப்பட்டது. குழாய் நீர் வந்தபின் கிணற்றை ஏன் அளக்கவேண்டும் என்று கேட்கத் தோன்றும். குடிப்பதற்கு அந்நீர் நன்று. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அதனைப் பாய்ச்ச எவராலும் இயலாது. தோட்டம் கிணற்றையே நம்பியிருக்கும்.

இனி வரவிருக்கும் நிகழ்ச்சிகள். விவசாய பீடம் உலர் வலய விவசாயம் பற்றிய சர்வதேச மாநாட்டை 2015 முதல் நடத்தி வருகின்றது. மாணவரின் ஆய்வுகள் பலவும் அங்கே அரங்கேறும். அறிவித்தல் வெளிவரும்போது, கட்டுரைச் சுருக்கங்களிலே நீரும் மண்ணும் பற்றியவற்றை உயர்தர வகுப்பு ஆசிரியர்கள் தெரிந்தெடுத்து வகுப்பிலே தமிழிற் சொல்லலாம். டிசம்பர் 5 உலக மண் தினம். மார்ச் 22 உலக நீர் தினம். இவ்விரு நாட்களிலும் பாடசாலைகளிற் பேச்சுப் போட்டி வைப்பதே நம் வழக்கம். இம்முறை ஒரு போட்டியைக் குறைத்து, அயலிலுள்ள ஐந்து கிணறுகளின் மட்டத்தை அளந்து சுவரிலே ஒட்டினால் என்ன? திருநெல்வேலியில் மாகாண விவசாயத் திணைக்களத்தார் கண்காட்சி நடத்தும்போது குடும்பத்தோடு செல்வோர், மரக்கன்று வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிடாமல், மண் பரிசோதனை பற்றி அங்குள்ள உத்தியோகத்தரிடம் விசாரித்து வருக.

நீரைச் சோதனைக்குக் கொடுக்க விரும்பும் நேயர்களுக்காக முறையையும் எழுதிவிடுகின்றோம். இரசாயனச் சோதனைக்குச் சுத்தமான, மணமற்ற பிளாஸ்ரிக் போத்தல் போதும். சவர்க்காரம் இட்டுக் கழுவவேண்டாம். சோதிக்கவேண்டிய கிணற்று நீராலேயே மூன்று முறை அலசுக. குழாயில் எடுப்பதாயின் சில நிமிடம் ஓடவிட்டு, தாங்கியில் தேங்கிய நீர் வெளியேறியபின் எடுக்கவேண்டும். வாளியாயின் மேற்படையை விலக்கிச் சற்று ஆழத்திலிருந்து அள்ளுக. கழுத்துவரை நிரப்பி இறுக மூடி, திகதி, நேரம், கிணற்றின் ஆழம், அருகிலுள்ள மலசலகூடக் குழியின் தூரம், கடைசியாகப் பசளை இட்ட நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி ஒட்டுக. வெயில் படாமற் குளிர்ச்சியாக வைத்து மறுநாளுக்குள் ஒப்படைக்கவேண்டும். கிருமிச் சோதனைக்கு இம்முறை ஆகாது. அதற்குக் கிருமி நீக்கிய போத்தலை ஆய்வுகூடத்தாரிடமே கேட்டுப் பெற்றுக்கொள்க.